முதலில் கடை தன் பெயரைச் சொல்ல வேண்டும்

சம்பூரிலிருந்து மூதூருக்கு வந்து, அங்கே பேருந்து மாறி, கிண்ணியாப் பாலத்தைக் கடந்து காலை பத்து மணிக்குத் திருகோணமலையில் உள்ள எங்கள் கடைக்கு வந்து சேர்ந்த ஓர் அம்மாவிடம், ஆனி மாதத்தில் ஒரு நாள், அவருடைய மகள் ஸ்காபரோவிலிருந்து அனுப்பிய பணத்தை இன்றைக்குக் கொடுக்க முடியாது என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் பேரப்பிள்ளை எழுதிக் கொடுத்த இலக்கம் சரியாக இருந்தது. தொகையும் சரியாக இருந்தது. பெறுநரின் பெயர்தான் பிழைத்திருந்தது. கனடாவில் படிவத்தை நிரப்பிய மகள், தன் பெயருக்குப் பின்னால் வருகின்ற தகப்பனாரின் பெயரையே தாயின் பெயருக்குப் பின்னாலும் குடும்பப் பெயராக எழுதிவிட்டார். அம்மாவின் அடையாள அட்டையில் இருப்பதோ அம்மாவைப் பெற்ற தகப்பனாரின் பெயர்.

அம்மா கோபப்படவில்லை. வாங்கில் அமர்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒன்பது வருசமா வாறன் மகள். நான் ஆரெண்டு உங்களுக்குத் தெரியாதோ?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியும். அவருடைய மூத்த மகனின் கலியாணத்துக்கு நான் போயிருக்கிறேன். ஆனால் எனக்குத் தெரிந்திருப்பது போதாது, கோப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதை அந்த வாங்கில் இருந்த ஒருவருக்கு இரண்டு நிமிடத்தில் விளக்க எனக்கு அன்றைக்குச் சொற்கள் வாய்க்கவில்லை. அங்கே அப்போது நள்ளிரவு தாண்டி அரை மணித்தியாலம் ஆகியிருந்தது. பணம் அனுப்பிய கடை திறந்த பிறகு மகள் போய்ப் பெயரைத் திருத்துவதென்றால், எங்களுக்கு இரவாகிவிடும். அம்மா அடுத்த பேருந்தில் வெறுங்கையுடன் திரும்பினார். அன்றைக்குச் சொல்ல முடியாததை ஆற அமர எழுதிப் பார்க்கலாம் என்றுதான் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

எங்கள் கடை இரண்டு தொழில்களைச் செய்கிறது. ஒன்று நாணயமாற்று, மற்றது வெளிநாட்டிலிருந்து வருகின்ற பணத்தை ஒரு வங்கியின் உபமுகவராக இருந்து உரியவருக்குக் கொடுப்பது. வெளியில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மேசையில் நடக்கின்ற ஒரே வேலையாகத்தான் தோன்றும். சட்டத்தின் கண்ணில் அவை வேறு வேறு. நாணயமாற்றுவதற்கு 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் மத்திய வங்கி வழங்குகின்ற அனுமதிப்பத்திரம் வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், வாடிக்கையாளரின் கண்ணில் படும்படி சுவரில் மாட்ட வேண்டும். அனுமதி பெற்றவர்களின் பட்டியலை மத்திய வங்கி தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது. பணப்பரிமாற்றச் சேவையைப் பொறுத்தவரையில், வங்கி, அதன் முகவர், முகவரின் உபமுகவர் என்று ஒரு சங்கிலி இருக்கிறது. மேலே இருக்கின்ற நிறுவனம் கீழே இருக்கின்ற ஒவ்வொரு கடைக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டது. இந்தச் சேவையைச் செய்பவர்கள் மத்திய வங்கியில் பதிந்துகொள்ள வேண்டும் என்பதற்கான விதிமுறைகளும் 2024இல் வந்துவிட்டன. இது இலங்கை தானாகக் கண்டுபிடித்த ஏற்பாடு அன்று. குற்றப்பணத்தின் நடமாட்டத்தைத் தடுக்க 1989இல் பாரிசில் நடந்த ஜி7 மாநாட்டில் உருவாக்கப்பட்ட நிதி நடவடிக்கைச் செயலணியின் (FATF) 40 பரிந்துரைகளில் 14ஆவது, பணத்தையோ பெறுமதியையோ இடம் மாற்றுகின்ற எவரும் உரிமம் பெற்றோ பதிவு செய்தோதான் அதைச் செய்ய வேண்டும் என்று எல்லா நாடுகளிடமும் கேட்கிறது.

பதிவு என்றால் கட்டணமும் முத்திரையும் கொழும்புக்கு அலைச்சலும்தான் என்று கடைத்தெருவில் பலர் நினைக்கிறார்கள். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். அந்தப் படிவங்களை ஒருமுறை முழுமையாக வாசித்த பிறகு என் எண்ணம் மாறியது. கடையின் உண்மையான உரிமையாளர் யார், பணிப்பாளர்கள் யார், அவர்களில் எவராவது தண்டனை பெற்றவரா, முதலீடு எங்கிருந்து வந்தது, எந்த முகவரியில் தொழில் நடக்கிறது என்பவற்றையே அவை திரும்பத் திரும்பக் கேட்கின்றன. வாடிக்கையாளரிடம் நாங்கள் கேட்கப்போகின்ற அதே கேள்விகளை, அவரைக் கேட்பதற்கு முன்னால், சட்டம் எங்களிடம் கேட்கிறது. கடை தன் பெயரைக் கொடுத்த பிறகுதான் அந்த அம்மாவின் பெயரைக் கேட்கின்ற உரிமை எனக்கு வருகிறது. பதிவில்லாத ஒருவர் அடையாள அட்டையின் நிழற்படப் பிரதியை வாங்கி வைத்துக்கொண்டால், அது எங்கே போய்ச் சேரும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

வைகாசி முதல் ஆவணி வரை உப்புவெளியிலும் நிலாவெளியிலும் வெள்ளைக்காரர் நிறையும்போது இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். யூரோவை வாங்கிக்கொள்ள முச்சக்கரவண்டிக்காரர் முதல் பழக்கடைக்காரர் வரை ஆயத்தமாக நிற்கிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர், கைக்குக் கிடைக்கின்ற இரண்டு ரூபா இலாபத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் அந்த நோட்டு யார் கையிலிருந்து வந்து யார் கைக்குப் போனது என்பதற்கு எந்தப் பற்றுச்சீட்டும் கிடையாது.

வங்கி வழியாக அல்லாமல் ஆட்கள் வழியாகப் பணம் கைமாறுகின்ற உண்டியல் முறையைப் பற்றி எழுதாமல் இந்த விடயத்தை எழுத முடியாது. உண்டியலில் காசு எடுத்த எந்தத் தாயையும் நான் குற்றவாளியாக நினைக்கவில்லை. போர்க்காலத்தில், வங்கிக் கிளையே இல்லாத ஊர்களுக்கு, சோதனைச் சாவடிகளைத் தாண்டி அந்தப் பணம்தான் வந்து அடுப்பை எரிய வைத்தது. டொராண்டோவிலோ டோகாவிலோ ஒருவரிடம் காசைக் கொடுத்தால், ஒரு தொலைபேசி அழைப்பில், இங்கே இன்னொருவர் வீட்டு வாசலில் வந்து ரூபாவைக் கொடுத்தார். படிவமும் கிடையாது, நடந்தது முழுவதும் நம்பிக்கையின் பேரில்தான். அந்த நம்பிக்கையை ஏளனம் செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் அந்த ஏற்பாட்டில் டொலர் கடல் கடந்து வருவதே இல்லை. அங்கே கொடுத்த டொலர் அங்கேயே நிற்கிறது. இங்கே கொடுக்கப்படுகின்ற ரூபா வேறு எங்கிருந்தோ வருகிறது. எங்கிருந்து என்பதுதான் கேள்வி. சுங்கத்தில் விலையைக் குறைத்துக் காட்டிப் பொருள் இறக்குமதி செய்துவிட்டு, மீதியை வெளிநாட்டில் செலுத்த டொலர் தேடுகின்ற வியாபாரியின் ரூபாவாக அது இருக்கலாம். போதைப்பொருள் விற்றவனின் ரூபாவாகவும் இருக்கலாம். அவனுக்கும் வெளிநாட்டில் செலுத்த வேண்டிய கடன் இருக்கிறது, அவனிடமும் இங்கே ரூபா குவிந்து கிடக்கிறது. மகன் கட்டாரில் வெயிலில் நின்று உழைத்த பணமும் ஐஸ் என்ற போதைப்பொருளை விற்றவனின் பணமும் ஒன்றையொன்று பார்க்காமலே இடம் மாறிக்கொள்கின்றன. தாயின் கைக்கு வந்து சேர்வது மகன் உழைத்த காசு அன்று, அதே தொகை கொண்ட வேறொரு காசு.

இது எங்கள் வீட்டுக்குள்ளேயே நடந்தது. 2021இன் கடைசியில், வங்கியில் ஒரு டொலருக்கு இருநூறு ரூபாவளவில் கொடுத்துக்கொண்டிருந்தபோது, உண்டியல்காரர் அதற்கு மிக மேலாகக் கொடுத்தார்கள். ஊக்கத்தொகையாக டொலருக்கு பத்து ரூபா வரை அரசு கூட்டிக் கொடுத்தும் அந்த இடைவெளி நிரம்பவில்லை. வெளிநாட்டில் இருந்த என் உறவினர் ஒருவர் அந்த வழியால் அனுப்பத் தொடங்கினார். என் சின்னம்மாவின் சேமிப்புக் கணக்கில் மாதாமாதம் பணம் விழுந்தது. வைப்புச் செய்தவர்கள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆட்கள், ஒரு முறை நீர்கொழும்பிலிருந்து, மறுமுறை காலியிலிருந்து, எல்லாமே வைப்பு இயந்திரத்தின் வழியாக. ஏழெட்டு மாதம் கழித்து, அவற்றில் ஒரு வைப்பைச் செய்தவர் வேறொரு வழக்கில் பிடிபட்டபோது, அவர் பணம் போட்ட கணக்குகளின் பட்டியலில் சின்னம்மாவின் கணக்கும் இருந்தது. கணக்கு இடைநிறுத்தப்பட்டது. அறுபத்தெட்டு வயதில் அவர் இரண்டு தடவை கொழும்புக்குப் போய் வாக்குமூலம் கொடுத்தார். வங்கிக் கிளையில் இருந்த அலுவலர் அவரிடம் சிங்களத்தில் எழுதப்பட்ட ஒரு தாளைக் கொடுத்துக் கையொப்பமிடச் சொன்னார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் வாசித்துச் சொல்லவில்லை. அந்தக் கிளையின் மேல் எனக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு. சட்டம் கேட்கச் சொன்னதைக் கேட்டார்கள், கேட்கப்படுபவருக்கு விளங்குகின்ற மொழியில் கேட்கவில்லை.

அந்தக் காலத்தின் கணக்கை மத்திய வங்கியின் தரவுகளே காட்டுகின்றன. 2020இல் தொழிலாளர் பணவனுப்பல்களாகச் சுமார் 710 கோடி அமெரிக்க டொலர் நாட்டுக்கு வந்தது. 2021இல் அது 549 கோடியாகவும், 2022இல் 379 கோடியாகவும் விழுந்தது. 2022 மார்ச்சில் நாணய மாற்று வீதத்தைத் தளரவிட்ட பின்னர் இரண்டு விலைகளுக்கும் இடையிலிருந்த இடைவெளி படிப்படியாகக் குறைந்தது. 2023இல் மீண்டும் 597 கோடி வந்தது. உழைத்தவர்கள் உழைத்துக்கொண்டுதான் இருந்தார்கள், அவர்களின் பணம் வந்த வழிதான் மாறியிருந்தது. மக்கள் உண்டியலுக்குப் போவதற்குச் சட்டத்தை மதிக்காத குணம் காரணம் என்று சொல்பவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. வீதம் நியாயமாக இருந்தால், மேசையில் இருப்பவர் மரியாதையாகப் பேசினால், பெரும்பாலானோர் நேர்வழியாலேயே வருவார்கள்.

இனி அறிக்கையிடலுக்கு வருகிறேன். 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல்வாங்கல்களை அறிக்கையிடல் சட்டம்தான் எங்கள் அன்றாட வேலையின் அடிப்படை. அதே ஆண்டில் வந்த 5ஆம் இலக்கச் சட்டம் பணம் தூயதாக்கலை, அதாவது குற்றத்தால் வந்த பணத்தை நேர்வழியில் வந்ததுபோல ஆக்குவதை, குற்றமாக்குகிறது. அதற்கு முந்திய ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் பயங்கரவாதத்துக்கு நிதியளிப்பதைக் குற்றமாக்குகிறது. அறிக்கைகள் போய்ச் சேர்கின்ற இடம், 2006இல் நிதி அமைச்சின் கீழ் தொடங்கி 2007இல் மத்திய வங்கிக்கு மாற்றப்பட்ட நிதியியல் உளவறிதல் பிரிவு. ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் மற்றும் குற்றம் தொடர்பான அலுவலகம் உருவாக்கிய கோஏஎம்எல் என்ற மென்பொருளின் வழியாகவே இப்போது அனுப்புகிறோம்.

அறிக்கையில் இரண்டு வகை உண்டு. முதலாவது தொகையைப் பொறுத்தது. 10 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட காசுக் கொடுக்கல்வாங்கலையும், அதேயளவான மின்னியல் பணமாற்றத்தையும் அறிவிக்க வேண்டும். இதற்கு யார் மீதும் சந்தேகம் இருக்க வேண்டியதில்லை. காணி விற்றவரின் பணமும் போகும், கோயில் திருப்பணிப் பணமும் போகும். அறிக்கையில் பெயர் இருப்பதால் யாரும் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. இதை அறியாத சிலர், பன்னிரண்டு இலட்சத்தை மூன்று பங்காகப் பிரித்து மூன்று நாளில் கொண்டு வருகிறார்கள். பிரிக்காமல் கொண்டு வந்திருந்தால் அது ஒரு சாதாரண அறிக்கை. பிரித்ததால்தான் அது இரண்டாவது வகையின் வாசலுக்கு வருகிறது.

இரண்டாவது வகை சந்தேகத்தைப் பொறுத்தது. இதற்குத் தொகை எல்லை கிடையாது, ஐயாயிரம் ரூபாவுக்கும் பொருந்தும். சந்தேகம் தோன்றிய பிறகு இயன்ற விரைவில், எப்படியும் இரண்டு வேலை நாட்களுக்குள், அறிவிக்க வேண்டும். அறிவித்ததை உரியவரிடமோ வேறு எவரிடமோ சொல்வது குற்றம். நல்லெண்ணத்துடன் அறிவித்தவருக்கு எதிராக வழக்குத் தொடர முடியாதபடி சட்டம் பாதுகாப்புக் கொடுக்கிறது. நான் அறிவித்த எதையும், அறிவித்தேனா இல்லையா என்பதைக்கூட, இங்கே எழுத முடியாது. ஆகவே கற்பனையாக ஓர் இளைஞனை வைத்துக்கொள்வோம். வயது இருபத்திரண்டு. ஒரே மாதத்தில் ஐந்து நாடுகளிலிருந்து ஏழு பேர் அவனுக்குப் பணம் அனுப்பியிருக்கிறார்கள். அனுப்பியவரின் பெயரைக் கேட்டால் கைத்தொலைபேசியைப் பார்த்து வாசிக்கிறான். "அவர் உங்களுக்கு என்ன முறை, தம்பி?" என்று கேட்கும்போது அவன் கண் கண்ணாடிக் கதவுக்கு வெளியே போகிறது. வீதிக்கு அப்பால், தலைக்கவசத்தைக் கழற்றாமல், மோட்டார் சைக்கிளில் ஒருவர் காத்திருக்கிறார். சட்டம் சந்தேகம் என்று சொல்வது இப்படியானதைத்தான். கணினி அந்த ஏழு பெயர்களைக் காட்டும், அந்தப் பார்வையைக் காட்டாது. அதைக் காண்பதற்கு மேசையில் ஒரு மனிதர் இருக்க வேண்டும்.

அந்த இளைஞனைப் பற்றி அறிக்கை எழுதுவது அவனைக் காட்டிக்கொடுப்பது ஆகாதா என்று என்னிடம் வேலை பழக வந்த ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. எங்கள் ஊரில் காட்டிக்கொடுத்தல் என்ற சொல்லுக்கு இருக்கின்ற கனத்தை அறிந்தவர்கள் அதைச் சாதாரணமாகக் கடந்துபோக மாட்டார்கள். நான் சொன்ன பதில் இதுதான்: அறிக்கையில் "இவன் குற்றவாளி" என்று எழுதுவதில்லை. என்ன கண்டேன், என்ன கேட்டேன், என்ன பதில் வந்தது, ஏன் அது பொருந்தவில்லை என்பதை மட்டும் எழுத வேண்டும். அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது. அந்த வயதுப் பையன்களிடம் ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுத்து அவர்களின் பெயரை வாடகைக்கு எடுக்கிறார்கள். பிடிபடும்போது பெயர் கொடுத்தவன்தான் முதலில் அகப்படுகிறான். நேரத்தோடு எழுதப்பட்ட ஓர் அறிக்கை, அவனுக்குப் பின்னால் தலைக்கவசத்துடன் இருந்தவரைத் தேடுவதற்கும் உதவலாம்.

எது சந்தேகம் அல்ல என்பதையும் நான் அவளுக்கு எழுதிக் கொடுத்தேன். கிண்ணியாவிலிருந்து வருவதோ குச்சவெளியிலிருந்து வருவதோ சந்தேகம் அல்ல. தாடி சந்தேகம் அல்ல. எழுத வாசிக்கத் தெரியாமை சந்தேகம் அல்ல. கைம்பெண் ஒருவருக்கு வெளிநாட்டிலிருந்து ஆண் ஒருவர் பணம் அனுப்புவது சந்தேகம் அல்ல, அது கேள்விக்கும் உரியதல்ல, உறவுமுறையைக் குறித்துக்கொண்டால் போதும்.

பெயர்ப் பட்டியல்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தமிழருக்கு இது வேறு யாரையும்விட அதிகமாக வலிக்கிறது. ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையின் 1267ஆம், 1373ஆம் இலக்கத் தீர்மானங்களின் கீழ் பயங்கரவாதம் தொடர்பாகத் தடை செய்யப்பட்டவர்களின் பட்டியல்கள் இருக்கின்றன. பின்னையதன் கீழ் இலங்கை அரசு வர்த்தமானியில் வெளியிட்ட பட்டியலில் வெளிநாடுகளிலுள்ள தமிழ் அமைப்புகளும் தனிநபர்களும் 2014இல் சேர்க்கப்பட்டார்கள். 2015இல் பலர் நீக்கப்பட்டார்கள், 2021இல் மீண்டும் பலர் சேர்க்கப்பட்டார்கள். எந்தக் கொடுக்கல்வாங்கலுக்கும் முன்னால் பெயரைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எங்கள் கடமை. நமக்கோ குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை. தகப்பன் பெயர் முதலெழுத்தாக நிற்கும், சில இடத்தில் பின்னால் போகும், கடவுச்சீட்டில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் ஒன்று. சிவன் பெயரும் முருகன் பெயருமாக ஒரு தலைமுறைக்கே இருபது முப்பது பெயர்கள்தான். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே பெயருக்கு நான்கு எழுத்துக்கூட்டல். மென்பொருள் இவற்றையெல்லாம் ஒலியால் ஒப்பிட்டுச் சிவப்பு விளக்கைக் காட்டுகிறது.

எங்கள் கடைக்கு மாதம் ஒருமுறை வருகின்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் பெயருக்கு ஒவ்வொரு முறையும் அந்த விளக்கு எரிகிறது. முதல் முறை இரண்டு மணித்தியாலம் அவரைக் காத்திருக்க வைத்தோம். பிறந்த திகதியையும் அடையாள அட்டை இலக்கத்தையும் ஒப்பிட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்க வேண்டிய விடயம் அது. பழைய அடையாள அட்டையில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணானால் அதோடு 500 கூட்டியிருக்கும். பன்னிரண்டு இலக்கமுள்ள புதிய அட்டையில் ஆண்டு முழுதாக நான்கு இலக்கத்தில் வருகிறது. இதை அறிந்தவர், அட்டையைக் கையில் வாங்கியவுடனேயே சொல்லப்பட்ட பிறந்த திகதி பொருந்துகிறதா என்று பார்த்துவிடலாம். இப்போது அவருடைய கோப்பின் முதல் தாளில், எந்தப் பட்டியலில் உள்ள எந்த நபர் இவர் அல்லர், எந்தக் காரணத்தால் அல்லர், யார் எந்தத் திகதியில் ஒப்பிட்டார் என்று எழுதி வைத்திருக்கிறேன். விளக்கு இன்னும் எரிகிறது. பட்டியல் மாறிக்கொண்டே இருப்பதால் ஒப்பீட்டைத் தவிர்க்கவும் முடியாது. ஆனால் அவர் இப்போது காத்திருப்பதில்லை. நாற்பது வருடம் பிள்ளைகளுக்கு இடாப்புக் கூப்பிட்ட ஒருவரைத் தன் பெயருக்காகத் தலைகுனிந்து உட்கார வைப்பதற்கு எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

ஆவணங்களை ஆறு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கின்ற கடையில் இது எளிதன்று. உப்புக்காற்றில் தாளில் குத்திய கம்பி முதலில் துருப்பிடிக்கும், பிறகு துரு எழுத்தின் மேல் படரும், ஈரத்தில் மை கரையும். இரும்பு அலுமாரியை விட்டு மர அலுமாரிக்கு மாறினோம், கம்பியை விட்டு நூலால் கட்டினோம். கணினியில் ஒரு பிரதி இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் கையொப்பமிட்ட தாளை யாராவது கேட்டால், அது வாசிக்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். இந்த விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்க, இணங்குவிப்பு அலுவலர் என்று ஒருவரை நியமிக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. மூன்று பேர் வேலை செய்கின்ற எங்கள் கடையில் அந்தப் பெயர் எனக்கு வந்து சேர்ந்தது. காசு எண்ணுகின்ற கையே கண்காணிக்கவும் வேண்டியிருப்பது நல்ல ஏற்பாடு அன்று. வேறு வழியில்லாததால், நான் கொடுத்தவற்றை முதலாளியும் முதலாளி கொடுத்தவற்றை நானும் வாரக் கடைசியில் பார்க்கிறோம்.

கனடாவிலிருந்து பேசுகின்ற உறவினர்கள் அடிக்கடி கேட்பது, "அங்கே ஏன் எங்களை இவ்வளவு கேள்வி கேட்கிறார்கள்?" என்பதுதான். அங்கே எங்களைப் போன்ற கடைகளைப் பணச்சேவைத் தொழில் என்கிறார்கள். கனடா அரசின் நிதி உளவறிதல் அமைப்பான ஃபின்ட்ராக்கில் தொழில் தொடங்குவதற்கு முன்பே பதிய வேண்டும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2020 முதல், கனடாவில் கடையே இல்லாமல் இணையத்தின் வழியாகக் கனடாவில் உள்ளவர்களுக்குச் சேவை செய்கின்ற வெளிநாட்டு நிறுவனங்களும் பதிய வேண்டும். 1,000 கனேடிய டொலரோ அதற்கு மேலோ அனுப்புபவரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும். 10,000 டொலரும் அதற்கு மேலும் காசாக வாங்கினால் பதினைந்து நாளுக்குள்ளும், அதே தொகை நாட்டின் எல்லையைத் தாண்டிப் போனால் ஐந்து வேலை நாளுக்குள்ளும் அறிக்கை போக வேண்டும். இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் பிரித்து அனுப்பினாலும் கூட்டித்தான் பார்ப்பார்கள். ஆகவே தங்கைக்கு வீடு கட்ட ஆறாயிரமும் ஆறாயிரமுமாக ஒரே நாளில் இரண்டு தடவை அனுப்புவதால் எதுவும் மிஞ்சப்போவதில்லை.

உறவினர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பணம் கொடுப்பதற்கு முன்னால், அந்தக் கடையின் பெயரை ஃபின்ட்ராக்கின் பதிவேட்டில் தேடிப் பாருங்கள், அது எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பதிவு இருப்பது அந்தக் கடை நேர்மையானது என்பதற்கு அரசு கொடுக்கின்ற நற்சான்றிதழ் அன்று, ஃபின்ட்ராக்கே அதைச் சொல்கிறது. ஆனால் பிழை நடந்தால் தேடிப் போவதற்கு ஒரு பெயரும் முகவரியும் இருக்கும். தமிழ்க் கடைதானே, தெரிந்த அண்ணைதானே என்று தேடாமல் விட்டுவிடாதீர்கள். உண்மையில் தெரிந்த அண்ணையாக இருந்தால் பதிவிலக்கத்தைக் கேட்டதற்காக அவர் கோபிக்க மாட்டார்.

நிதி நடவடிக்கைச் செயலணி பணம் தூயதாக்கலைத் தடுக்கும் ஏற்பாடுகளில் குறைபாடுள்ள நாடுகளின் சாம்பல் பட்டியலில் இலங்கையை 2017இல் போட்டது, 2019 ஒக்டோபரில் நீக்கியது. அந்த இரண்டு ஆண்டில் எங்களுக்கு வந்த சுற்றறிக்கைகள் ஒரு தனிக் கோப்பை நிரப்பின. அவற்றுள் பல ஆங்கிலத்தில் மட்டுமே கைக்கு வந்தன. நாடு பட்டியலில் இருந்தால் வெளிநாட்டு வங்கிகள் ஒவ்வொரு அனுப்பலையும் இரண்டு மடங்கு சோதிக்கும், தாமதமும் செலவும் கூடும். அந்தச் செலவு கடைசியில் சம்பூர் பேருந்தில் வருபவரின் தலையில்தான் விழும். விதிகளைத் தமிழில், வாசித்தால் விளங்குகின்ற தமிழில், மேசைக்கு மேசை கொடுத்தால் அவற்றைப் பின்பற்றுவது எவ்வளவோ இலகுவாகும்.

மறுநாள் அந்த அம்மா அதே பேருந்தில் வந்தார். இரவு மகள் கடைக்குப் போய்ப் பெயரைத் திருத்தியிருந்தார். நான் பணத்தை எண்ணிக் கொடுத்து, பற்றுச்சீட்டை வாசித்துக் காட்டி, அவர் ஒவ்வோர் எழுத்தாக இழுத்துத் தமிழில் கையொப்பமிடும்வரை காத்திருந்தேன். பிறகு அவர் தன் பையிலிருந்து அந்த நாட்காட்டித் தாளை எடுத்து, மிச்சமிருந்த இடத்தில் தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி கேட்டார். எழுதினேன். அது போதாதென்று, வாட்ஸ்அப்பில் மகளை அழைத்து, கைத்தொலைபேசியை என் பக்கமாகப் பிடித்தார். அங்கே மீண்டும் நள்ளிரவு தாண்டியிருந்தது. நான் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன், முதலில் அம்மாவின் பெயர், பிறகு அம்மாவைப் பெற்றவரின் பெயர். கடைசி எழுத்தைச் சொன்ன பிறகு சற்று நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பின்னர் மகளின் குரல், "அம்மப்பாவின்ர பேர் இப்பிடியே எழுதுறது? பொறுங்கோ அக்கா, இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றது.